நீங்கள் கேட்டவை: பேச மறுக்கும் சவுண்ட் சர்வர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒலிப் பிரச்சினைகளே நிறைய. அதனால் பிரின்டர்காரர்களும் வைஃபைக்காரர்களும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா நிரல்களின் ஒலியையும் வாங்கிக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பின்னணி நிரல்தான் சவுண்ட் சர்வர். லினக்ஸில் பல்ஸ்ஆடியோ, பைப்வயர் இரண்டும் அப்படிப்பட்டவை. இப்படிப் பின்னணியில் ஓடும் நிரலை டீமன் என்பார்கள். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இந்தப் பகுதியில் வழக்கம்போல உச்சரிப்பில்தான் தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லினக்ஸில் பாட்டு கேட்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. இணையத்தில் படித்தபடி, இடிசிக்குள் பல்ஸ் அடைவில் இருக்கும் டீமன்.கான்ஃப் கோப்பில் டிஃபால்ட்-ஃப்ராக்மென்ட்ஸ், டிஃபால்ட்-ஃப்ராக்மென்ட்-சைஸ்-எம்செக் இரண்டையும் மாற்றினேன். சாம்பிள் ரேட்டையும் மாற்றினேன். கணினியை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. எள்ளளவும் வித்தியாசம் இல்லை. கோப்பு ஒழுங்காகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. - கரகரப்பில் தவிப்பவர்

பதில்: கோப்பு சேமிக்கப்பட்டிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைப் படிக்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டெர்மினலில் பிஏசிடிஎல் இன்ஃபோ என்று அடியுங்கள். சர்வர் நேம் என்ற வரியில் வெறும் பல்ஸ்ஆடியோ என்று வந்தால் உங்கள் கோப்புக்கு வேலை உண்டு. 'பல்ஸ்ஆடியோ, ஆன் பைப்வயர்' என்று ஒரு பதிப்பு எண்ணோடு வந்தால், நீங்கள் திருத்திய கோப்பை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பழைய கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றாமல் புதிய முதலாளி வியாபாரம் செய்வதுபோலத்தான் இது. வாடிக்கையாளர்களான பிரவுசரும் பாட்டு பிளேயரும் பழைய பெயரைச் சொல்லித்தான் கதவைத் தட்டுகின்றன, உள்ளேயிருந்து பதில் சொல்வது பைப்வயர்.

இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால் இணையத்தில் கிடைக்கும் வைத்தியக் குறிப்புகளில் எது உங்களுக்கானது என்று நீங்களே பிரித்துக்கொள்ளலாம். சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசுவது கர்னலில் (இயங்குதளத்தின் மையத்தில்) இருக்கும் ஆல்சா. பல நிரல்களின் ஒலியைக் கலந்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம் கொடுத்து, ஹெட்செட்டைச் செருகினால் அந்தப் பக்கம் திருப்பிவிடுவதெல்லாம் அதற்கு மேலே ஓடும் டீமனின் வேலை. 2004-இல் லெனார்ட் போட்டரிங் பாலிப்ஆடியோ என்ற பெயரில் தொடங்கிய திட்டம் 2006-இல் பல்ஸ்ஆடியோ ஆனது. 2007-இல் வந்த ஃபெடோரா 8 அதை இயல்பான சவுண்ட் சர்வராக வைத்தது. பிறகு ரெட்ஹாட்டில் விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர் வந்தது. 2021-இல் ஃபெடோரா 34 அதற்கு மாறியது. உபுண்டு 22.10-இல் மாறியது. டெபியன் 12-இன் நோம் டெஸ்க்டாப்பும் அப்படியே. பழைய நிரல்கள் எதுவும் உடையக்கூடாது என்பதற்காக, பைப்வயர்-பல்ஸ் என்ற துணை டீமன் பல்ஸ்ஆடியோவின் மொழியிலேயே பேசுகிறது. உங்கள் டிஸ்ட்ரோவைப் புதுப்பித்த நாளில் சர்வர் மாறியிருக்கும், திரையில் ஒரு அறிவிப்புகூட வந்திருக்காது. டீமன்.கான்ஃப் கோப்பு மட்டும் பழைய தொகுப்பின் மிச்சமாக அங்கேயே கிடக்கிறது.

சரி, கரகரப்புக்கு வருவோம். எந்தக் கோப்பையும் தொடாமல் இன்னொரு டெர்மினலில் பிடபிள்யூ-டாப் ஓடவிடுங்கள், பாட்டைப் போடுங்கள். குவான்ட் என்ற நெடுவரிசையில் ஓர் எண் தெரியும், அதற்கு வலப்பக்கம் எர்ர் என்ற நெடுவரிசையில் இன்னொன்று. கரகரக்கும் ஒவ்வொரு முறையும் எர்ர் எண் ஏறினால், சர்வர் உரிய நேரத்துக்குள் ஒலித் துண்டைத் தயாரித்துக் கொடுக்கவில்லை என்று பொருள். எண் அசையாமல் இருக்கிறது, சத்தம் மட்டும் கரகரக்கிறது என்றால் வயர், ஸ்பீக்கர், டிரைவர் பக்கம் போங்கள். இந்த ஒரு சோதனை வீண் அலைச்சலைப் பெரிதும் மிச்சப்படுத்தும்.

எண் ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். குவான்டம் என்பது ஒரு சுற்றில் கையாளப்படும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை. பைப்வயரின் இயல்பு 1024. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் இது சுமார் 21 மில்லிசெகண்ட். ஆனால் நிரல்கள் இதைவிடக் குறைவாகக் கேட்கலாம். சில விளையாட்டுகள் 128 கேட்கும், அது 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. ஒரு நிரல் கேட்டுவிட்டால் அந்தக் கருவியில் ஒலிக்கும் எல்லாமே அந்த வேகத்துக்கு ஓட வேண்டும். உங்கள் பாட்டு பிளேயர் ஒரு பாவமும் செய்திருக்காது, பின்னால் திறந்து கிடக்கும் வேறொரு ஜன்னல் செய்திருக்கும்.

முதலில் தற்காலிகமாக மாற்றிப் பாருங்கள். பிடபிள்யூ-மெட்டாடேட்டா என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு மைனஸ் என் செட்டிங்ஸ், பிறகு 0, பிறகு கிளாக்.ஃபோர்ஸ்-குவான்டம், கடைசியில் 2048. கரகரப்பு நின்றால் நோய் இதுதான். 2048 இருந்த இடத்தில் 0 போட்டு அதே கட்டளையை மறுபடி அடித்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். இப்போதுதான் கோப்பு எழுதும் நேரம். உங்கள் ஹோம் அடைவில் டாட் கான்ஃபிக், அதற்குள் பைப்வயர், அதற்குள் பைப்வயர்.கான்ஃப்.டி என்று ஓர் அடைவு உருவாக்கி, கான்ஃப் என்று முடியும் ஒரு சிறிய கோப்பை வையுங்கள். அதில் கான்டெக்ஸ்ட்.ப்ராப்பர்ட்டீஸ் என்ற தொகுதிக்குள் டிஃபால்ட்.கிளாக்.மின்-குவான்டம் 1024 என்ற ஒரே வரி போதும். பிறகு சிஸ்டம்சிடிஎல், இரட்டை மைனஸ் யூசர், ரீஸ்டார்ட் என்று அடித்து பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர் (ஒலிக் கருவிகளை நிர்வகிக்கும் பைப்வயரின் துணை டீமன்) மூன்றையும் மறுதொடக்கம் செய்யுங்கள். கணினியை அணைத்துப் போட வேண்டியதில்லை.

யூஎஸ்ஆர் ஷேருக்குள் இருக்கும் மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் அது மேலெழுதப்படும். முழுக் கோப்பையும் ஹோமுக்கு நகலெடுத்துத் திருத்துவதும் எனக்குப் பிடிக்காது. நகல் அப்படியே நிற்கும், மூலக் கோப்பில் வரும் புதிய இயல்புகள் உங்களுக்குக் கிடைக்காது.

உங்களிடம் இருப்பது உண்மையிலேயே பல்ஸ்ஆடியோதான் என்றாலும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். டீமன்.கான்ஃபில் வரியின் தொடக்கத்தில் இருக்கும் அரைப்புள்ளியை எடுத்தீர்களா? அது இருக்கும்வரை அந்த வரி வெறும் குறிப்புதான். இரண்டாவது, பல்ஸ்ஆடியோ பெரும்பாலான கார்டுகளில் டைமரை வைத்து வேலை செய்கிறது. அந்த முறையில் ஃப்ராக்மென்ட் எண்ணிக்கைகளை அது கண்டுகொள்வதே இல்லை. டிஃபால்ட்.பிஏ கோப்பில் மாட்யூல்-யூடெவ்-டிடெக்ட் வரிக்குப் பக்கத்தில் டிஷெட் சமம் 0 என்று சேர்த்தால்தான் அவற்றுக்கு உயிர் வரும். பாதிக் குறிப்புகள் இதைச் சொல்வதில்லை.

கேள்வி: காலையில் எழுப்ப, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரி போட்டு ஒலிக்கோப்பு ஓடவைத்தேன். டெர்மினலில் அதே கட்டளையை அடித்தால் ஒலிக்கிறது. கிரான் நேரத்துக்கு மௌனம். பதிவேட்டில் கனெக்ஷன் ரிஃப்யூஸ்டு என்றிருக்கிறது. சூடோ போட்டும் பார்த்தேன், அப்போதும் மௌனம். அதற்குப் பிறகு சாதாரணமாகவே பாட்டு ஓட மறுக்கிறது! - தாமதமாக எழுபவர்

பதில்: ரூட் என்ற நிர்வாகக் கணக்கின் உரிமையில் கட்டளையை ஓட்டும் சூடோவை இந்த இடத்தில் மறந்துவிடுங்கள். சவுண்ட் சர்வர் உங்கள் கணக்கில், உங்கள் லாகினுக்குள், உங்கள் உரிமையில் ஓடுகிறது. ரூட்டுக்கு அதில் பங்கு கிடையாது. சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டிக்காக பைப்வயர் தரும் யூனிட் கோப்பிலேயே, ரூட்டாக இருந்தால் தொடங்காதே என்று நிபந்தனை எழுதியிருக்கிறார்கள். சூடோவோடு பல்ஸ்ஆடியோவைத் தொட்டதில் உங்கள் ஹோமில், டாட் கான்ஃபிக்குக்குள் பல்ஸ் அடைவில் குக்கி (சர்வரிடம் அடையாளம் காட்டும் ரகசியச் சாவி) போன்ற கோப்புகள் ரூட் பெயரில் உருவாகியிருக்கலாம். பிறகு உங்கள் சொந்த சர்வரால் அவற்றைப் படிக்க முடியாது. எல்எஸ் மைனஸ் எல் போட்டு உரிமையாளர் பெயரைப் பாருங்கள். ரூட் என்றிருந்தால் சவுன் கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் சூடோ தேவைப்படும், அதற்கு என்னைத் திட்ட வேண்டாம்.

இப்போது கிரான். ஒரு நிரல் சவுண்ட் சர்வரைக் கண்டுபிடிப்பது ஒரு சாக்கெட் கோப்பு வழியாக. அந்தக் கோப்பு ரன் அடைவில், யூசர் என்பதற்குள், உங்கள் பயனர் எண் கொண்ட அடைவில் இருக்கும். தனி ஆள் பயன்படுத்தும் கணினியில் அந்த எண் பெரும்பாலும் 1000. அந்த இடத்தை நிரல்களுக்குச் சொல்வது எக்ஸ்டிஜி ரன்டைம் டிர் என்ற சூழல் மாறி. நீங்கள் லாகின் செய்யும்போது அது தானாக அமைகிறது. கிரான் உங்கள் பெயரில்தான் வேலையை ஓட்டுகிறது, ஆனால் இந்த மாறி அங்கே இல்லை. நிரல் சாக்கெட்டைத் தேடுகிறது, காணவில்லை, போய்விடுகிறது. கிரான்டேப் கோப்பின் தலையில் அந்த மாறிக்கு ரன், யூசர், 1000 என்ற பாதையைக் கொடுத்தால் நீங்கள் லாகினில் இருக்கும்வரை அலாரம் அடிக்கும்.

லாகினில் இல்லாவிட்டால்? அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசி லாகின் முடிந்ததும் சிஸ்டம்டி அந்த அடைவையே துடைத்துவிடும், உங்கள் டீமன்களும் நின்றுவிடும். லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் என்று அடித்து உங்கள் பயனர் பெயரைக் கொடுத்தால், நீங்கள் உள்ளே இல்லாதபோதும் உங்கள் சேவைகள் ஓடலாம் என்று அனுமதி கொடுத்ததாகிறது. இதைச் செய்துவிட்டு, சர்வரும் ஓடுகிறது, இன்னும் சத்தமில்லை என்று இன்னொரு கடிதம் எழுதுவதற்கு முன் அடுத்த வரியையும் படித்துவிடுங்கள். சவுண்ட் கார்டின் கருவிக் கோப்புகளுக்கான அனுமதி, திரையின் முன்னால் லாகின் செய்திருப்பவருக்கே தானாகக் கிடைக்கும். லிங்கர் கணக்குக்கு அது கிடைக்காது. அந்த நிலையில் உங்களை ஆடியோ குழுவில் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

ஆடியோ குழுவில் சேர் என்பதை எல்லா ஒலி நோய்க்கும் மருந்தாகச் சொல்கிறவர்கள் உண்டு. பல பேர் மாறி மாறி லாகின் செய்யும் கணினியில் அதைச் செய்யாதீர்கள். திரையில் இல்லாத ஒருவரின் நிரல் சவுண்ட் கார்டைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடும், அடுத்தவர் என்னவென்று தெரியாமல் விழிப்பார். உங்கள் கணினியில் நீங்கள் ஒருவர்தான் என்றால் தாராளமாகச் சேருங்கள்.

நானாக இருந்தால் கிரானையே விட்டுவிட்டு, சிஸ்டம்டியின் யூசர் டைமர் ஒன்று எழுதுவேன். அது உங்கள் சேவைகளின் கூட்டத்துக்குள்ளேயே ஓடுவதால் அந்த மாறி தானாகவே இருக்கும். ஒன்று சொல்ல மறந்துவிடக்கூடாது: உறக்க நிலையில் இருக்கும் கணினியை இவை இரண்டும் இயல்பாக எழுப்பாது. அதற்கு ஆர்டிசிவேக் என்ற கட்டளை தனியாக இருக்கிறது, அது ரூட்டின் வேலை.

கேள்வி: வெளி ஆம்ப்ளிஃபயரோடு இணைத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு எதையாவது ஓடவிட்டால் முதல் சொல் காணாமல் போகிறது. சில சமயம் டப் என்று ஒரு சத்தமும் வருகிறது. - முதல் சொல்லைத் தொலைத்தவர்

பதில்: சர்வர் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. 5 நொடி எதுவும் ஒலிக்காவிட்டால் கருவியை மூடி வைப்பது இயல்பு. பல்ஸ்ஆடியோவில் மாட்யூல்-சஸ்பெண்ட்-ஆன்-ஐடில் இதைச் செய்கிறது, பைப்வயரில் வயர்பிளம்பர் செய்கிறது. கருவி மூடப்பட்டதும் கர்னல் டிரைவரும் தன் பங்குக்கு சிப்பின் மின்சாரத்தைக் குறைக்கும். மறுபடி திறக்கும்போது டப். ஆம்ப்ளிஃபயரும் எச்டிஎம்ஐ திரைகளும் சிக்னல் வந்துவிட்டது என்று உணர்ந்து விழிப்பதற்குள் முதல் சொல் போய்விடுகிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள, அமைதியான நேரத்தில் பிஏசிடிஎல் லிஸ்ட் ஷார்ட் சிங்க்ஸ் என்று அடியுங்கள். உங்கள் கருவிக்கு எதிரே சஸ்பெண்டட் என்றிருந்தால் நான் சொன்னதுதான். வயர்பிளம்பர் 0.5 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில், ஹோமில் டாட் கான்ஃபிக், வயர்பிளம்பர், வயர்பிளம்பர்.கான்ஃப்.டி அடைவில் ஒரு கோப்பு வைத்து, மானிட்டர்.ஆல்சா.ரூல்ஸ் விதியில் அந்தக் கருவியின் பெயருக்கு செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ் 0 என்று கொடுங்கள். 0 என்றால் ஒருபோதும் மூடாதே. 0.4 வரை இதே விதியை லுவா மொழியில் எழுத வேண்டியிருந்தது. 2024-இல் வந்த 0.5 அந்தக் கோப்புகளைப் படிப்பதில்லை. பதிப்பு பார்க்காமல் ஒட்டிய லுவா வரிகள் பிழைச் செய்திகூடக் காட்டாமல் சும்மா கிடக்கும். பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் எல்லாக் கருவிகளுக்கும் இதைப் போடாதீர்கள். ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் போடுங்கள்.

பல்ஸ்ஆடியோ என்றால் டிஃபால்ட்.பிஏ கோப்பில் அந்த மாட்யூலின் வரிக்கு முன் ஒரு ஹாஷ் குறி போட்டால் முடிந்தது.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாக இருக்கிறது. வீடியோ கூட்டத்தில் சேர்ந்த மறுகணமே எல்லாம் பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடுகிறது. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்? - காது நொந்தவர்

பதில்: இதில் சர்வரின் குற்றம் குறைவு. ஏ2டிபி என்ற ப்ளூடூத் முறை ஸ்டீரியோ ஒலியை ஒரு திசையில் மட்டும் அனுப்புகிறது, மைக் கிடையாது. மைக் வேண்டுமென்றால் ஹெட்செட் முறைக்கு மாற வேண்டும். அங்கே ஒலி மோனோ, பழைய கோடெக்கில் (ஒலியைச் சுருக்கும் முறையில்) 8 கிலோஹெர்ட்ஸ், எம்எஸ்பிசி என்ற பிந்தைய கோடெக்கில் 16 கிலோஹெர்ட்ஸ். கூட்ட நிரல் மைக்கைத் திறந்ததும் சர்வர் உங்களுக்கு உதவுவதாக நினைத்து முறையை மாற்றிவிடுகிறது.

லேப்டாப்பின் சொந்த மைக்கைக் கூட்ட நிரலில் தேர்ந்தெடுங்கள், காதுக்கு மட்டும் ஹெட்செட். தானாக மாறுவதை நிறுத்த, வயர்பிளம்பர் 0.5-இல் டபிள்யூபிசிடிஎல் செட்டிங்ஸ் என்று அடித்து, இரட்டை மைனஸ் சேவ் கொடுத்து, ப்ளூடூத்.ஆட்டோஸ்விட்ச்-டு-ஹெட்செட்-ப்ரொஃபைல் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

கேள்வி: என் சவுண்ட் கார்டு 192 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும். சர்வரையும் 192000-க்கு வைத்துவிட்டால் ஒலி தெளிவாகும்தானே? - உச்சம் தேடுபவர்

பதில்: ஆகாது. உங்களிடம் இருக்கும் பாட்டுகள் பெரும்பாலும் 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகளில் பதிவானவை. அவற்றை 192-க்கு ஊதிப் பெரிதாக்குவதால் இல்லாத விவரம் எங்கிருந்தும் வந்துவிடாது. மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், 48 கிலோஹெர்ட்ஸ் பதிவு 24 வரை தாங்கும். பிராசசருக்குத்தான் கூடுதல் வேலை, மேலே கரகரப்பில் தவிப்பவரோடு நீங்களும் சேர்ந்துகொள்வீர்கள்.

தேவையில்லாத மாற்றம் நடக்காமல் பார்த்துக்கொள்வது வேண்டுமானால் நல்ல ஆசை. பைப்வயரில் டிஃபால்ட்.கிளாக்.அலவ்ட்-ரேட்ஸ் பட்டியலில் இயல்பாக 48000 மட்டும் இருக்கும். அதோடு 44100-ஐயும் சேர்த்தால், வேறெதுவும் ஒலிக்காத நேரத்தில் பாட்டின் வேகத்துக்கே கார்டு மாறிக்கொள்ளும். ஏற்கெனவே ஏதாவது ஒலித்துக்கொண்டிருந்தால் மாறாது, அதைப் பிழை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். பல்ஸ்ஆடியோவில் இதற்கு அவாய்ட்-ரீசாம்ப்ளிங் என்ற வரி.

கேள்வி: லினக்ஸிலிருந்து ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்துக்கு மாறியிருக்கிறேன். பாட்டு ஒலிக்கிறது. மைக்கில் பதிவு செய்தால் கோப்பு உருவாகிறது, நீளமும் சரியாக இருக்கிறது, ஆனால் உள்ளே முழு மௌனம். யூஎஸ்பி கார்டைச் செருகினாலும் ஒலி பழைய கார்டிலேயே வருகிறது. லினக்ஸ் டீமன்களில் எதையும் இங்கே காணவில்லையே? - புது வீட்டுக்காரர்

பதில்: இங்கே இருப்பவர் எஸ்என்டியோடி. எனக்கு மிகப் பிடித்த சவுண்ட் சர்வர் இதுதான் என்பதை மறைக்கப் போவதில்லை. தனியாகக் கான்ஃபிக் கோப்பே கிடையாது, தொடக்கத்தில் கொடுக்கும் சில ஃபிளாக்குகள்தான் மொத்த அமைப்பும். கையேட்டுப் பக்கத்தை ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம், படித்த பிறகு எல்லாம் புரிந்தும் இருக்கும்.

மைக் மௌனம் வேண்டுமென்றே செய்யப்பட்டது. ஒட்டுக்கேட்பதைத் தடுக்க, ஓப்பன்பிஎஸ்டியின் கர்னல் பதிவுக்கு இயல்பாக வெறும் சைபர்களையே கொடுக்கிறது. ரூட்டாக சிஸ்சிடிஎல் கட்டளையில் கெர்ன்.ஆடியோ.ரெக்கார்ட் என்பதை 1 ஆக்குங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க வேண்டுமென்றால் அதே வரியை இடிசிக்குள் சிஸ்சிடிஎல்.கான்ஃபிலும் எழுதுங்கள். பதிவு வேலை எப்போதாவதுதான் என்றால் எழுதாமல் விட்டு, தேவைப்படும்போது மட்டும் திறப்பது நல்லது.

யூஎஸ்பி கார்டுக்கு, ஆர்சிசிடிஎல் செட் எஸ்என்டியோடி ஃபிளாக்ஸ் என்று அடித்து, மைனஸ் சிறிய எஃப் கொடுத்து ஆர்எஸ்என்டி/0 (பழைய கார்டு), பிறகு மைனஸ் பெரிய எஃப் கொடுத்து ஆர்எஸ்என்டி/1 (யூஎஸ்பி கார்டு). பிறகு ரீஸ்டார்ட். பெரிய எஃப் சொல்வது மாற்றுக் கருவியை. அது இருந்தால் அதற்கு முதலிடம், இல்லாவிட்டால் முதலில் சொன்னது. வால்யூமுக்கு எஸ்என்டியோசிடிஎல் அவுட்புட்.லெவல் சமம் 0.5 என்பதுபோல 0 முதல் 1 வரை கொடுக்கலாம்.

லினக்ஸிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வேறுபாடு குழப்பும். இது கணினிக்கு ஒன்றாக, தனிப் பயனர் பெயரில், சலுகைகளைக் கழற்றிவிட்டு ஓடும் டீமன். ஆனாலும் ஒரே நேரத்தில் ஒரு பயனருக்கு மட்டும்தான் கதவு திறக்கும். பிரவுசரை வேறொரு பயனர் கணக்கில் தனியாக ஓட்டுகிறவர் என்றால், உங்கள் ஹோமில் டாட் எஸ்என்டியோ அடைவில் இருக்கும் குக்கி கோப்பை அந்தக் கணக்குக்கும் நகலெடுங்கள். நகலின் உரிமையும் அந்தக் கணக்கின் பெயரிலேயே இருக்கட்டும், மற்றவர்கள் படிக்க அனுமதி வேண்டாம்.

கேள்வி: எஸ்எஸ்எச் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாக இன்னொரு கணினியில் ஒரு நிரலை ஓட்டுகிறேன். அதன் ஒலி என் எதிரில் இருக்கும் கணினியில் வர வேண்டும். ஒலியை வலை வழியாக வாங்கும் மாட்யூல்-நேட்டிவ்-ப்ரோட்டோகால்-டிசிபியை ஏற்றி ஆத்-அனானிமஸ் கொடுத்தால் உடனே வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா? - தொலைவில் கேட்பவர்

பதில்: விடாதீர்கள். உங்கள் சவுண்ட் சர்வரின் 4713 என்ற போர்ட், அதாவது வலைக்கான கதவு, எல்லா முகவரிகளிலும் திறந்து கிடக்கிறது, வருபவர் யார் என்று கேட்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ஒலியை அனுப்புவது மட்டுமல்ல, அந்தக் கதவு வழியாக உங்கள் மைக்கையும் கேட்கலாம். போகும் தரவு மறையாக்கம் செய்யப்படுவதும் இல்லை.

எஸ்எஸ்எச் ஏற்கெனவே கையில் இருக்கிறதே. உங்கள் கணினியில் மாட்யூல்-நேட்டிவ்-ப்ரோட்டோகால்-டிசிபி ஏற்றும்போது லிசன் சமம் 127.0.0.1 என்றும், ஆத்-ஐபி-ஏசிஎல் சமம் 127.0.0.1 என்றும் கொடுங்கள். எஸ்எஸ்எச் கட்டளையில் மைனஸ் பெரிய ஆர் வைத்து தூரக் கணினியின் 4713-ஐ உங்கள் 4713-க்கு இழுத்துவிடுங்கள். தூரக் கணினியில் பல்ஸ் சர்வர் என்ற சூழல் மாறிக்கு டிசிபி:127.0.0.1:4713. நிரல் தன் கணினியிலேயே பேசுவதாக நினைத்துக்கொள்ளும். பைப்வயர்-பல்ஸும் இதே மாட்யூலை ஏற்றுக்கொள்கிறது. உதடும் ஒலியும் பொருந்த வேண்டிய வீடியோவுக்கு இது சரிப்படாது, பாட்டுக்கும் அறிவிப்பு ஒலிக்கும் போதுமானது.

கேள்வி: இத்தனை தொல்லை எதற்கு? டீமனையே தூக்கிவிட்டு ஆல்சாவை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? - எளிமை விரும்பி

பதில்: ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு பிளேயர், ப்ளூடூத் கிடையாது என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆல்சாவின் டிமிக்ஸ் பல நிரல்களின் ஒலியைக் கலந்தும் கொடுக்கும். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் கலக்கும் வேலை கர்னலுக்குள்ளேயே மெய்நிகர் சேனல்களாக நடக்கிறது, அங்கே சாதாரணப் பயன்பாட்டுக்கு டீமன் வேண்டியதே இல்லை. ஆனால் லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ப்ளூடூத் ஹெட்செட், கூட்டத்தில் திரைப் பகிர்வு, நிரலுக்கு ஒரு வால்யூம் எல்லாம் பழகிவிட்டால் இரண்டாம் நாளே டீமனைத் திரும்ப நிறுவுவீர்கள். வேய்லாண்ட் என்ற புதிய திரைமுறையில் ஓடும் டெஸ்க்டாப்புகளில் திரைப் பகிர்வுக்கு வீடியோவைக் கடத்துவதும் பைப்வயர்தான். அதைத் தூக்கினால் ஒலியோடு கூட்டத்தில் உங்கள் திரையும் போய்விடும். தூக்கியே தீருவேன் என்றால் முதலில் பைப்வயர்-பல்ஸை மட்டும் நிறுத்தி வைத்து, ஒரு வாரம் எந்தெந்த நிரல் முனகுகிறது என்று பாருங்கள். நிறுத்தும்போது அதன் சர்வீஸோடு சாக்கெட் யூனிட்டையும் சேர்த்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முதல் நிரல் தட்டியதும் அது மறுபடி எழுந்து வந்து நிற்கும்.